ஸ்கேனர் வாங்கும் முன் பீரோவைத் திறந்து பாருங்க

கல்லூரிச் சேர்க்கை, பட்டா மாறுதல், வாரிசு சான்றிதழ், பேங்க் லோன் என்று எதற்குப் போனாலும், இப்போது முதலில் வரும் கேள்வி, “ஸ்கேன் காப்பி இருக்குங்களா?” என்பதுதான். ஒவ்வொரு முறையும் அசல் பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் அலைவதற்கு, வீட்டிலேயே ஒரு சின்ன ஸ்கேனர் இருந்தால் தேவலை என்று பலருக்கும் தோன்றும். தோன்றுவது சரிதான். ஆனால் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய் “நல்ல ஸ்கேனரா ஒண்ணு குடுங்க” என்று கேட்டால், பெட்டி மேல் அச்சிட்ட எண்களைத்தான் காட்டுவார்கள். உங்களுக்கு எது சரிப்படும் என்பதைச் சொல்வது அந்த எண்கள் அல்ல, உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் காகிதங்கள்தான்.

எதற்கெல்லாம் ஸ்கேனர் வேண்டாம்?

முதலில் செலவைக் குறைப்போம். ஆதார், ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி., அண்மை ஆண்டுகளின் 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை டிஜிலாக்கரில் நேரடியாகவே பெறலாம். துறையே அதில் வழங்கும் ஆவணம், 2017-இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அசலுக்குச் சமம். அதே டிஜிலாக்கரில் நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றி வைக்கும் கோப்புக்கு அந்த மதிப்பு கிடையாது. அது வெறும் பிரதிதான். இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள்.

பட்டா, சிட்டா நகலை வருவாய்த் துறையின் இணையதளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை தளத்திலும் எடுத்துக்கொள்ளலாம். இவற்றை ஸ்கேன் செய்து சேர்த்து வைப்பதைவிட, தேவைப்படும்போது புதிதாக எடுப்பதே நல்லது.

புதிதாக அச்சிட்ட ஒற்றைத் தாள் என்றால் போன் கேமராவே போதும். கூகுள் டிரைவ், ஐபோனின் நோட்ஸ் இரண்டிலும் ஸ்கேன் வசதி இருக்கிறது. ஒரு காலத்தில் எல்லார் போனிலும் இருந்த கேம்ஸ்கேனர் செயலி 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. அந்தப் பெயரைப் போட்டு வேறெங்கோ கிடைக்கும் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டாம்.

போன் எங்கே திணறும்?

இனி பீரோவைத் திறங்க. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினையின்போது எழுதிய கூர்ச்சீட்டு, பழுப்பேறிய தீர்வை ரசீது, அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், கருப்பு வெள்ளைக் கல்யாண போட்டோ. இவற்றில் பல எந்த இணையதளத்திலும் கிடைக்காது. தொலைந்தால் தொலைந்ததுதான்.

மடித்து மடித்து வைத்த தாள் போனில் நெளிநெளியாக விழும். லேமினேஷன் போட்ட சான்றிதழிலும் பளபளப்பான போட்டோவிலும் லைட் வெளிச்சம் அடிக்கும். மங்கிய முத்திரை தெரியவே தெரியாது. தட்டையான கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து, மூடியால் அழுத்தி, ஒரே சீரான வெளிச்சத்தில் படமெடுக்கும் ஸ்கேனரின் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆங்கிலத்தில் இதை ‘ஃபிளாட்பெட்’ என்பார்கள்.

கடையில் ‘போர்ட்டபிள் ஸ்கேனர்’ என்று கேட்டால், தாளை உருளைக்குள் இழுத்து விடும் குச்சி மாதிரியான கருவியையும் காட்டலாம். புது பில்களுக்கு அது சரி. ஐம்பது வருஷத்துப் பத்திரம் மடிப்பில் ஏற்கெனவே விரிந்திருக்கும். உருளை இழுத்தால் கிழியும். பழைய காகிதத்துக்குக் கண்ணாடி வைத்த ஸ்கேனர் மட்டுமே.

இரண்டு வகைக் கண்கள்

ஃபிளாட்பெட்டில் சிசிடி, சிஐஎஸ் என இரண்டு வகை உண்டு. சிசிடி வகையில் கண்ணாடிகளும் லென்ஸும் இருப்பதால் பருமன் அதிகம். தனி பவர் அடாப்டர் வேண்டும். சிஐஎஸ் வகையில் ஒளியை உணரும் பட்டை கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் நகரும். அதனால் மெலிசாக, இரண்டு கிலோவுக்குள் இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒரே யுஎஸ்பி கேபிளே மின்சாரமும் தந்துவிடும். கேனான் லைடு 300, லைடு 400, எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி39 ஆகியவை இந்த வகை (பெயர்கள் உதாரணத்துக்கு மட்டுமே, பரிந்துரை அல்ல). வீட்டு உபயோகத்துக்கான இவை பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

சிஐஎஸ்ஸுக்கு ஒரு குறை உண்டு. கண்ணாடியை ஒட்டி இருப்பது மட்டுமே தெளிவாக வரும். தைத்த புத்தகத்தின் நடுப்பகுதி தூக்கி நின்றால் அந்த எழுத்து மங்கும். உங்களிடம் தனித்தாள்கள் அதிகம் என்றால் சிஐஎஸ் போதும். கெட்டி அட்டை போட்ட பழைய கணக்குப் புத்தகங்கள் அதிகம் என்றால் யோசிக்க வேண்டும்.

ஸ்கேலை எடுத்து அளங்க

பலர் வாங்கிய பிறகு கண்டுபிடிக்கும் விஷயம் இது. வீட்டு ஸ்கேனரின் கண்ணாடி பெரும்பாலும் ஏ4 அளவு. நீளம் சுமார் 11.7 அங்குலம். பத்திரத்தாள் பெரும்பாலும் லீகல் அளவை ஒட்டியது; லீகலின் நீளம் 14 அங்குலம். அப்படியென்றால் 2.3 அங்குலம் வெளியே நிற்கும். அந்த அடிப்பகுதியில்தான் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கும்.

இதற்காகப் பெரிய ஸ்கேனர் வாங்கினால் விலை எங்கோ போய்விடும். பத்திரம் சில மட்டுமே என்றால் இரண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்டலாம். மேலே சொன்ன இரண்டு நிறுவனங்களின் மென்பொருளிலும் படங்களை இணைக்கும் வசதி இருக்கிறது. முதலில் மேல்பாதி, பிறகு கீழ்ப்பாதி. நடுவில் நாலைந்து வரிகள் இரண்டிலும் வருவது போல எடுங்க. மூடியின் கீல் பக்கம் தாள் முட்டினால், தாளைத் தலைகீழாக வைத்து எடுத்து, படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம். ஸ்கேனருக்குள் அடங்கட்டும் என்று பத்திரத்தை மட்டும் புதிதாக மடித்துவிடாதீங்க.

பின்பக்கத்தையும் விடக் கூடாது. சார்பதிவாளர் முத்திரை, கைரேகை, பதிவு விவரம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

4800 டிபிஐ நமக்கு எதுக்கு?

டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள்; படிக்கவும் அச்சிடவும் தாராளம். அதே தாளை 4800 டிபிஐயில் கலரில் எடுத்தால், சுருக்காத கோப்பு 6 ஜிபியைத் தாண்டும். போனில் திறக்கக்கூட முடியாது. சில பெட்டிகளில் 19200 என்றுகூட இருக்கும். அது மென்பொருள் ஊகித்து நிரப்பும் புள்ளி. ‘ஆப்டிகல்’ எண் எவ்வளவு என்று மட்டும் கேளுங்க.

பத்திரம், சான்றிதழுக்கு 300 டிபிஐ, கலர். கருப்பு வெள்ளையில் எடுத்தால் நீல முத்திரையும் பென்சில் குறிப்பும் மறைந்துபோகலாம். பழைய போட்டோவுக்கு 600 டிபிஐ. 2×3 அங்குலப் படத்தை அப்படி எடுத்தால், 4×6 அளவில் தெளிவாகப் பிரிண்ட் போடலாம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. கம்ப்யூட்டர் இல்லாமல் வேலை செய்யுமா? மேலே சொன்ன மாடல்களுக்கு விண்டோஸ் அல்லது மேக் கம்ப்யூட்டர் வேண்டும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால், வைஃபை உள்ள ‘ஆல் இன் ஒன்’ பிரிண்டரே உங்களுக்குப் பொருந்தும். அதன் மேலேயும் ஸ்கேனர் கண்ணாடி இருக்கும். தூக்கிக்கொண்டு போவதுதான் சிரமம்.
2. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸுக்கு டிரைவர் கிடைக்கிறதா?
3. கேபிள் எந்த வகை, பெட்டியிலேயே வருமா?
4. மூடி கொஞ்சம் உயர்ந்து, பாஸ்புக் போன்றவற்றுக்கு இடம் கொடுக்குமா?
5. வாரண்டி எத்தனை வருஷம், கோவையிலேயே சர்வீஸ் உண்டா?

முடிந்தால் பழைய ரசீது ஒன்றைக் கொண்டுபோய் அங்கேயே ஸ்கேன் செய்து பாருங்க. அசல் பத்திரத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

ஸ்கேன் செய்த பிறகு

ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோப்பு வையுங்கள். 300 டிபிஐ கலர்ப் பிரதி பத்திரமாக இருக்கட்டும். அதை யாருக்கும் சுருக்கி அனுப்ப வேண்டாம். விண்ணப்பத்தில் ஏற்ற, அதிலிருந்து சின்னதாக இன்னொரு பிரதி எடுங்க. சில தளங்கள் 200 கேபிக்குள் கேட்கும். அந்தந்த அறிவிப்பைப் பார்த்து அளவைக் குறையுங்கள். கோப்புக்கு ‘ஸ்கேன்001’ என்று விட்டுவிடாமல், ‘கிரயப்பத்திரம்-1968-பக்கம்1’ என்பதுபோல் பெயர் கொடுத்தால் பிறகு தேட வேண்டியதில்லை.

ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று டிஜிலாக்கரில் இருக்கட்டும். டிஜிலாக்கரில் மொத்தம் 1 ஜிபி இடம். ஒரு கோப்பு 10 எம்பிக்குள் இருக்க வேண்டும். பென் டிரைவை அதே பீரோவில் வைக்காமல் அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்க. 2018 ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம் வந்தபோது பவானி, கொடுமுடி, குமாரபாளையம் பகுதிகளில் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி ஒரு நாளில் பீரோவும் பென் டிரைவும் சேர்ந்துதான் நனையும்.

அசல் தொலைந்தால் ஸ்கேன் பிரதி அதற்கு ஈடாகாது. ஆனால் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண் இந்த நான்கும் கையில் இருந்தால், சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிப்பது சுலபம். எதுவுமே தெரியாவிட்டால் எங்கே தேடுவது என்பதே பெரிய வேலையாகிவிடும்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஸ்கேனரையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போங்க. கரண்ட் இல்லாவிட்டாலும் லேப்டாப் பேட்டரியிலேயே ஓடும். பெரியவங்க பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தாள் எந்தக் காட்டுக்கு, யார் கையெழுத்து என்று சொல்லச் சொல்ல, அதையும் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதி வையுங்கள். அந்த விவரத்தை எந்த ஸ்கேனராலும் எடுக்க முடியாது; அவங்க இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்க.