மங்களவனம் காணச் செல்வோர் அறிய வேண்டியவை

தோப்பும்படியிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் தமிழன்பர்கள் வனம் காண விரும்பினால் மலையேற வேண்டியதில்லை. பாலம் கடந்து, வெல்லிங்டன் தீவின் வழியே எர்ணாகுளம் சென்றால், கேரள உயர்நீதிமன்றத்தின் அருகிலேயே மங்களவனம் இருக்கின்றது. 2004ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இவ்விடத்தின் பரப்பு 2.74 ஹெக்டேர்; அதாவது ஏழு ஏக்கருக்கும் குறைவு. இத்துணைச் சிறிய வனத்தில் ஒருவர் செய்யும் ஓசை எங்கும் கேட்கும் என்பதை முதலிற் கருத வேண்டும்.

நடுவே ஆழமற்ற நீர்நிலை. அதனைச் சூழ அலையாத்தி மரங்கள். காயலின் ஓதநீர் கால்வாய் வழியாக உள்ளே வந்து மீள்கின்றது. சேற்றினின்று விரல்களைப்போல் மேல்நோக்கி நிற்பவை அம்மரங்களின் மூச்சுவேர்கள். காற்றில்லாச் சேற்றில் புதைந்த வேர்களுக்கு அவற்றின் வழியாகவே காற்றுச் செல்கின்றது. ஆகலின் பாதையை விட்டிறங்கி அவற்றை மிதித்தல் தகாது. நெகிழிப்பை படிந்து மூடினும் அதே தீங்கு நேரும். வனத்துக்கு வெளியே கால்வாயில் எறியும் பையும் ஓதத்தோடு உள்ளே வந்து சேரக்கூடுமன்றோ? நம் பொறுப்பு வாயிலுக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகின்றது.

இங்கே இராக்கொக்கும் சிறு நீர்க்காகமும் கூடு கட்டும். இராக்கொக்கு பகலில் மரங்களிற் தங்கி, அந்திக்குப்பின் இரை தேடப் புறப்படும் பறவை. நாம் காணச் செல்லும் நேரம் அதற்கு உறங்கும் நேரம். கூச்சலிட்டோ, கைதட்டியோ அதனை எழுப்பிப் பறக்கவைத்துப் படம் பிடிப்பதை வேடிக்கை என்று சிலர் எண்ணுகின்றனர். தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்தால், காக்கை முட்டையைக் கவர்ந்துசெல்லச் சில கணங்களே போதும். முட்டையையும் கூட்டையும் சிதைப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாகவே கருதுகின்றது. ஆனால் கைதட்டியவனை அச்சட்டம் எங்ஙனம் கண்டுபிடிக்கும்?

கேரளத்தில் இவ்வினப் பறவைகள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியே குஞ்சு பொரிக்கின்றன. இவ்விடத்தில் நம் அன்பர்கள் மழைக்கால வாசம் ஏற்பட்ட வரலாற்றை நினைவுகூரலாம். மாரிக்காலத்தில் ஊர்தோறும் நடந்த பிக்ஷுக்கள் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்தழிக்கின்றனர் என்று மக்கள் குறை கூறினர். பகவான் அக்குறையைப் புறக்கணிக்கவில்லை. மழைக்காலத்தில் மூன்று திங்கள் ஓரிடத்திற் தங்குமாறு விதித்தருளினார் என விநய பிடகம் கூறும். அசோக மன்னரும் முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் கடந்தபின் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில் கொல்லத்தகாத பறவைகளையும் விலங்குகளையும் பெயர் கூறி வரிசைப்படுத்தினார். உயிர்கள் உறையும் உமியைக் கொளுத்தலாகாது, காரணமின்றிக் காட்டுக்குத் தீயிடலாகாது என்றும் ஆணையிட்டார். உமிக்குள் வாழும் பூச்சியையும் அவ்வாணை விட்டுவிடவில்லை.

ஆகவே கூடு கட்டும் மாதங்களில் கூட்டமாகச் செல்லாது, இருவர் மூவராகச் செல்க. காவற்கோபுரத்தினின்று தொலைநோக்கியாற் காண்பதே நன்று. பறவைக்குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து அழைத்தல், தின்பண்டம் எறிதல், ஒளி பாய்ச்சிப் படமெடுத்தல் ஆகிய மூன்றும் வேண்டா. சிறுவர்களை உடன் அழைத்துச் செல்வோர், புறப்படுமுன்னரே வீட்டில் வைத்து இவற்றைச் சொல்லிக்கொடுத்தல் வேண்டும். அங்கே சென்றபின் அதட்டினால், அவ்வதட்டலே பறவையை எழுப்பிவிடும்.