ஸ்பின்னிங் மில் அனுபவம் எனர்ஜி ஆடிட்டர் ஆகக் கைகொடுக்குமா?

கேள்வி: ஐயா, டிப்ளமோ இ.இ.இ. முடித்துவிட்டு, வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஏழு வருடமாக எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். பி.இ. படிக்காமல் எனர்ஜி ஆடிட்டர் தேர்வு எழுத முடியுமா? பாஸ் செய்தால் தனியாக ஆடிட் எடுக்கலாமா? கோச்சிங்குக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள், சேரலாமா?

— வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தாராளமாக எழுதலாம். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி அமைந்த பி.இ.இ. என்ற மத்திய அரசு அமைப்பு இந்தத் தேர்வை நடத்துகிறது. பொறியியல் பட்டதாரிக்கு 3 ஆண்டு, டிப்ளமோக்காரருக்கு 6 ஆண்டு அனுபவம் வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறது. அனுபவச் சான்றிதழில் வெறுமனே பதவிப் பெயரை மட்டும் போடாமல், கம்ப்ரஸர், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளும் இயந்திரங்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தேர்வில் நான்கு தாள்கள். முதல் மூன்றில் தேறினால் எனர்ஜி மேனேஜர். நான்காவதிலும் தேறினால் எனர்ஜி ஆடிட்டர். மின்சாரத் தாள் உங்களுக்கு எளிது. எலெக்ட்ரிக்கல்காரர்கள் தடுமாறுவது பாய்லர், நீராவி, இன்சுலேஷன் வரும் இரண்டாம் தாளில்தான். தெரிந்தவர் மூலமாக ஒரு டையிங் யூனிட்டுக்குப் போய், பாய்லர் ஆபரேட்டர் பக்கத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். புகைபோக்கியில் வெளியேறும் வாயுவின் வெப்பம் சுமார் 22 டிகிரி குறைந்தால் பாய்லரின் திறன் 1 சதவீதம் கூடும் என்ற கணக்கு அங்கே நின்றால் மனதில் பதியும்.

கோச்சிங் கட்டாயமில்லை. நான்கு தாளுக்கும் பி.இ.இ. வெளியிட்ட வழிகாட்டி நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தப் பணத்தில் நல்ல கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்குங்கள் என்பேன். ஏனென்றால் இந்தத் தொழிலில் ஆளுக்கு மதிப்பு, அளந்து சொல்லும் திறமையால்தான் வருகிறது. அதை உங்கள் மில்லிலேயே பழகலாம்.

பொங்கல் விடுமுறையில் மில் நிற்கும்போது, காற்று எடுக்கும் இயந்திரங்கள் எல்லாம் நின்ற பிறகு, லைனைத் திறந்தே வைத்துக் கம்ப்ரஸரை ஓட்டுங்கள். ஒன்றரை நிமிடம் லோடில், ஆறு நிமிடம் அன்லோடில் ஓடுகிறது என்று வையுங்கள். 1.5-ஐ 7.5-ஆல் வகுத்தால் 20 சதவீதம். அவ்வளவு காற்றும் கசிவிலேயே போகிறது. 75 கிலோவாட் கம்ப்ரஸர் என்றால் 15 கிலோவாட். வருடத்துக்கு 8,400 மணி நேரம் ஓடினால் 1,26,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் 8.8 லட்ச ரூபாய். ஆனால் கசிவை அடைத்ததும் இது முழுவதும் மிச்சமாகும் என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். அன்லோடில் ஓடும்போதும் மோட்டார் மின்சாரம் இழுக்கும். அதையும் அளந்து கழித்துச் சொல்லும் ஆடிட்டரைத்தான் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். மீட்டர் வைக்காமலே 15 சதவீதம் மிச்சம் என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளால் இந்தத் தொழிலுக்கே கெட்ட பெயர்.

தனியாக ஆடிட் எடுப்பது பற்றி: விருப்பப்பட்டு ஆடிட் செய்துகொள்ளும் சிறு ஆலைகளுக்கு நீங்கள் செய்து தரலாம். சட்டப்படி கட்டாயமான ஆடிட்டை அங்கீகாரம் பெற்ற ஆடிட்டர்தான் செய்ய வேண்டும். அந்த அங்கீகாரத்துக்கு 5 ஆண்டு ஆடிட் அனுபவம் வேண்டும். அதில் 3 ஆண்டாவது ஆற்றல் அதிகம் செலவாகும் தொழிற்சாலைகளில் இருக்க வேண்டும். ஆகவே பாஸ் செய்ததும் ஒரு ஆடிட் நிறுவனத்தில் சேர்ந்துவிடுங்கள். சம்பளம் ஆரம்பத்தில் கொஞ்சம் குறைந்தாலும் சிமென்ட், காகிதம், டையிங் என்று பல ஆலைகளுக்குள் நுழைய வேறு வழியில்லை. வளைகுடாப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், அமெரிக்காவின் ஏ.இ.இ. சங்கம் தரும் சி.இ.எம். சான்றிதழைப் பிறகு யோசிக்கலாம்.

மில்லை விட்டுப் போக மனமில்லை என்றால் இன்னொரு வழியும் உண்டு. ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான ஆற்றல், மின்சாரத்தில் சொன்னால் சுமார் 3.5 கோடி யூனிட், செலவழிக்கும் ஜவுளி ஆலைகள் சட்டப்படி எனர்ஜி மேனேஜர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். உங்கள் மில்லின் பன்னிரண்டு மாத இ.பி. பில்லையும், காற்றாலை, சோலார் யூனிட்டுகளையும் கூட்டிப் பாருங்கள். அந்த அளவைத் தொட்டால், விண்ணப்பம் போடும் முன்பே ஜி.எம்.மிடம் பேசிவிடுங்கள்.