சர்வரிலேயே இருக்கட்டும் அதன் ஆவணம்

பெங்களூரு ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்துகொண்டு, பக்கத்துக் கோரமங்களா அலுவலகங்களுக்காக எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மென்பொருளை நிறுவும்போதே அதன் ஆவணங்கள் அடங்கிய டாக் பேக்கேஜையும் அதே சர்வரில் நிறுவிவிடுங்கள். கூகுளில் தேடினால் கிடைக்காதா என்று கேட்பார்கள். கிடைக்கும், ஆனால் அது எந்தப் பதிப்புக்கானது? எடுத்துக்காட்டாக, 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 டேட்டாபேஸ், பேக்கப்பை மீட்கப் பயன்பட்ட ரெக்கவரி.கான்ஃப் என்ற கோப்பையே ஒழித்துவிட்டது. பழைய கோப்பு டேட்டா டைரக்டரியில் கிடந்தால் டேட்டாபேஸ் கிளம்பவே கிளம்பாது. டெபியன் 10-இல் இருப்பது போஸ்ட்கிரெஸ் 11. டெபியன் 11-இல் 13. பேக்கப்பை மீட்க வேண்டிய நெருக்கடியில், முன்னதற்கு எழுதிய குறிப்பைப் பின்னதில் செய்துபார்த்தால் வேலை கெடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்-டாக்-13 என்ற பேக்கேஜ் அந்த 13-ஐப் பற்றி மட்டுமே பேசும்.

இது தானாக வந்து சேராது. டெபியனில் டாக் பேக்கேஜ்கள் பெரும்பாலும் 'சஜஸ்ட்ஸ்' பட்டியலில்தான் இருக்கும். ஏபிடி அந்தப் பட்டியலைத் தானாக நிறுவுவதில்லை. அதனால் பெயர் சொல்லி ஏபிடி இன்ஸ்டால் கொடுக்க வேண்டும். பிறகு டிபிகேஜி மைனஸ் கேப்பிடல் எல் போட்டால் எந்தெந்தக் கோப்பு எங்கே என்று தெரியும். பெரும்பாலானவை யூஎஸ்ஆர்/ஷேர்/டாக் அடியில் இருக்கும். சுருக்கி வைத்தவற்றை இஸட்லெஸ் திறக்கும். ரெட் ஹேட் வகையில் ஆர்பிஎம் மைனஸ் கியூடி ஒரு பேக்கேஜின் ஆவணங்களை மட்டும் காட்டும்.

இங்கே கவனம் தேவைப்படும் ஓர் இடம் உண்டு. டெபியன் ஸ்லிம் போன்ற சிறிய கன்டெய்னர் இமேஜ்களில், டிபிகேஜியின் கான்ஃபிக் கோப்பிலேயே 'பாத்-எக்ஸ்க்ளூட்' என்று எழுதி, மேன் பக்கங்களையும் டாக் அடைவையும் விலக்கியிருப்பார்கள். அங்கே டாக் பேக்கேஜை நிறுவினால் எந்தப் பிழையும் வராது, பட்டியலிலும் நிறுவப்பட்டதாகவே இருக்கும், கோப்புகள் மட்டும் இருக்காது. கேப்பிடல் எல் காட்டும் பாதையை எல்எஸ் போட்டுச் சரிபார்ப்பதுதான் வழி. விலக்கு வரியை நீக்கிவிட்டு ஏபிடி ரீஇன்ஸ்டால் கொடுத்தால் கோப்புகள் வந்துவிடும். ரெட் ஹேட் வகையில் டிஎன்எஃப் கான்ஃபிக்கில் உள்ள 'நோடாக்ஸ்' என்ற வரியும் இதே வேலையைச் செய்யும்.

இடம் வீணாகிறதே என்பது ஒரு மறுப்பு. கன்டெய்னருக்கு அது நியாயம். ஆயிரம் முறை இழுக்கப்படும் இமேஜில் ஆவணம் வேண்டாம், அதே பதிப்பு ஓடும் ஒரு நிர்வாக சர்வரில் இருந்தால் போதும். நீண்ட காலம் ஓடும் டேட்டாபேஸ் சர்வரிலோ, லாக்குகள் தின்னும் இடத்தோடு ஒப்பிட்டால் இது பொருட்டே இல்லை. பாதுகாப்பு குறையும் என்பது இன்னொரு மறுப்பு. இவை வெறும் கோப்புகள். எந்தப் போர்ட்டையும் திறப்பதில்லை. வெளி இணையத்துக்குப் போகவே விடாத சர்வரில்தான் இவற்றின் அருமை தெரியும். கறுப்புத் திரையில் எச்டிஎம்எல் படிப்பது எப்படி என்றால், டபிள்யூ3எம் இருக்கிறது. அது பிடிக்காதவர்கள் பைத்தானின் எச்டிடிபி சர்வரை 127.0.0.1-இல் மட்டும் ஓடவிட்டு, எஸ்எஸ்எச் டனல் வழியாகத் தங்கள் பிரவுசரிலேயே படிக்கலாம். படித்து முடித்ததும் அதை நிறுத்திவிட வேண்டும்.

அப்கிரேடுக்கு முன் ஏபிடி-லிஸ்ட்சேஞ்சஸ் நிறுவியிருந்தால், பேக்கேஜைப் பராமரிப்பவர்கள் நியூஸ்.டெபியன் கோப்பில் எழுதிய எச்சரிக்கைகள் முதலிலேயே கண்ணில் படும். மென்பொருளை 13-இலிருந்து 15-க்கு மாற்றும் அன்றே டாக் பேக்கேஜையும் மாற்றி, பழையதை நீக்குங்கள். அன்சிபிள் பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதிவைத்தால், நாளை வேறொருவர் பொறுப்பேற்கும்போது எந்தப் பதிப்புக்கு எதைப் படிப்பது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.