மகளிர் கல்லூரிக்கு ‘ஏர்லி டிசிஷன்’: கையெழுத்துப் போடும் முன் 10 குறிப்புகள்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கும் வீடுகளில் செப்டம்பர் பிறந்தாலே கல்லூரிப் பேச்சுதான். வெல்லெஸ்லி, ஸ்மித், பர்னார்ட் போன்ற ஒரு மகளிர் கல்லூரியில் மனசை வைத்துவிட்ட பெண், “ஏர்லி டிசிஷனில் போட்டுவிடட்டுமா?” என்று கேட்டால், சரி சொல்வதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. ஏர்லி டிசிஷன் என்பது வாக்குக் கொடுப்பது. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் இப்படிப் போட முடியும். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற வேண்டும். மாணவி, பெற்றோரில் ஒருவர், பள்ளி கவுன்சலர் ஆகிய மூவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ‘ஏர்லி ஆக்‌ஷன்’ என்பது வேறு. அதில் இந்தக் கட்டாயம் கிடையாது.

2. தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள். முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15 கடைசி நாள். டிசம்பர் நடுவில் முடிவு வரும். வெல்லெஸ்லி, ஸ்மித், பிரின் மார், மவுன்ட் ஹோலியோக், ஸ்கிரிப்ஸ் கல்லூரிகளில் ஜனவரி வாக்கில் இரண்டாம் சுற்றும் உண்டு. நவம்பருக்குள் மனசு தெளியவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம்.

3. முதலில் பணக் கணக்கு. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ இருக்கும். வருமான வரிப் படிவம், சேமிப்பு விவரம், வீட்டுக் கடன் பாக்கி மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுப் பாருங்கள். வருகிற தொகையை நாலால் பெருக்கி, ஆண்டுதோறும் கட்டணம் ஏறுவதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெல்லெஸ்லியின் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிலிப் லெவின் 2013-ல் உருவாக்கிய ‘மைஇன்டூயிஷன்’ கருவி, சில கேள்விகளிலேயே உத்தேசத் தொகையைக் காட்டிவிடும். வேறு பல கல்லூரிகளும் இதைப் பயன்படுத்துகின்றன.

4. ஊர்ச் சொத்தையும் ஊர்ச் செலவையும் விடாதீர்கள். பல தனியார் கல்லூரிகள் கேட்கும் ‘சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்’ படிவத்தில் இந்தியாவில் இருக்கும் வீடு, மனையையும் காட்ட வேண்டும். தாத்தா பாட்டி மருத்துவத்துக்கு மாதாமாதம் நீங்கள் அனுப்பும் பணம் கால்குலேட்டருக்குத் தெரியாது. அதை விளக்கி ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

5. ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். கட்டாயம் இல்லாத வழக்கமான சுற்றான ‘ரெகுலர் டிசிஷனில்’ மார்ச் கடைசிக்குள் வரும் எய்ட் கடிதங்களை வரிசையாக வைத்து, எது தோது என்று பார்க்கலாம். ஏர்லி டிசிஷனில் ஒரே கடிதம்தான். உதவி போதாமல் கட்டவே முடியாது என்றால் விலக அனுமதிப்பார்கள். வேறு இடத்தில் கூடுதலாகக் கிடைக்கலாம் என்பது காரணமாகாது. மெரிட் ஸ்காலர்ஷிப்பை நம்பியிருக்கும் குடும்பம் ரெகுலரில் போடுவதே நல்லது.

6. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் கூடுதல் கவனம் எடுங்கள். வெல்லெஸ்லி, அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் குடும்ப வசதி பார்க்காமல் தேர்வு செய்கிறது. வெளிநாட்டு மாணவிகள் விஷயத்தில் உதவி கேட்பதும் தேர்வில் கணக்கில் வரும். ‘முதலில் சேர்ந்துவிடலாம், அடுத்த வருடம் கேட்டுக்கொள்ளலாம்’ என்பது பல கல்லூரிகளில் நடக்காது.

7. நம் ஊர் மகளிர் கல்லூரியை மனசில் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆறு மணிக்குக் கேட் மூடும் ஹாஸ்டல் அமெரிக்க மகளிர் கல்லூரிகளில் இல்லை. பாதுகாப்பு என்ற ஒரே காரணத்துக்காக மகளைத் தள்ளிவிடவும் வேண்டாம், ‘பெண்கள் மட்டுமா?’ என்று தடுக்கவும் வேண்டாம். பெண்களுக்கு உயர்கல்வியின் கதவு மூடியிருந்த காலத்தில், 1837-ல் மேரி லயன் தொடங்கியது மவுன்ட் ஹோலியோக். அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் உறுப்பினர் ஃபிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அங்கே படித்தவர். மாணவர் மன்றத் தலைமை முதல் ஆய்வுக்கூடம் வரை எல்லாப் பொறுப்பும் பெண்கள் கையில் இருப்பதுதான் இந்தக் கல்லூரிகளின் பலம். அது உங்கள் மகளுக்கு வேண்டுமா என்று பாருங்கள்.

8. பாடமும் பக்கத்துக் கல்லூரியும் முக்கியம். இன்ஜினீயரிங் என்றால் ஸ்மித்தில் பட்டமே உண்டு. வெல்லெஸ்லி மாணவிகள் எம்ஐடியிலும், பிரின் மார் மாணவிகள் ஹாவர்ஃபோர்டிலும் வகுப்பு எடுக்கலாம். பர்னார்ட் கொலம்பியாவுடன் இணைந்தது. ‘எடுக்கலாம்’ என்பதோடு நிற்காமல் பஸ் நேரத்தையும் பாருங்கள். போக வர ஆகும் நேரத்தையும் சேர்த்துத்தான் ஒரு வகுப்பின் கணக்கு.

9. சாதாரண நாளில் போய்ப் பாருங்கள். டூர் முடிந்ததும் கிளம்பாமல், மகளை ஒரு வகுப்பில் உட்கார வையுங்கள். உணவுக்கூடத்தில் சாப்பிட வையுங்கள். சைவம் சாப்பிடும் பெண்ணென்றால் ஒரு வார மெனுவைப் பாருங்கள். படித்துக்கொண்டிருக்கும் மாணவி ஒருத்தியிடம், “சனி, ஞாயிறு எப்படிப் போகும்? இங்கே உனக்குப் பிடிக்காதது எது?” என்று மகளே கேட்கட்டும். நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

10. சதவீதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏர்லி டிசிஷனில் சேர்க்கை விகிதம் கூடுதலாகத் தெரியும். விளையாட்டுக்காக முன்பே தேர்வானவர்களும் அந்தக் கணக்கில் இருக்கலாம். மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நாலைந்து கல்லூரி கூப்பிட்டாலும் இதைத்தான் எடுப்பாயா?” தயங்காமல் ஆமாம் என்று சொல்லி, மூன்றாவது குறிப்பில் போட்ட கணக்கும் ஒத்துவந்தால் தைரியமாகக் கையெழுத்திடுங்கள். இரண்டில் ஒன்று இடித்தாலும் அதே கல்லூரிக்கு ரெகுலரில் போடச் சொல்லுங்கள். எப்படியானாலும் மற்ற விண்ணப்பங்களை நவம்பரிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். டிசம்பரில் இல்லை என்று பதில் வந்தால், ஜனவரிக் கெடுவுக்கு இரண்டு வாரம்தான் மிச்சம் இருக்கும்.