விண்ணிலிருந்து காட்டுத்தீப் புகையைக் கண்காணித்தல்

காட்டுத்தீ ஓரிடத்தில் எரிந்தாலும் அதன் புகை ஓரிடத்தில் நிற்பதில்லை. 2023-ஆம் ஆண்டில் கனடா நாட்டில் ஏறத்தாழ 1.5 கோடி எக்டேர் நிலப்பரப்பு தீக்கிரையாயிற்று. அவ்வாண்டு ஜூன் 7 அன்று, கியூபெக் மாநிலக் காடுகளின் புகை தெற்கே நெடுந்தொலைவு வந்து நியூயார்க் நகர வானத்தைப் பட்டப்பகலில் செம்மஞ்சளாக்கியது. அம்மாத இறுதியில் கனடாவின் புகை அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளின் வானை அடைந்தது. இரு பயணங்களும் செயற்கைக் கோள் படங்களில் தெளிவாகப் பதிவாயின. ஆனால் நியூயார்க்கில் மக்கள் புகையையே சுவாசித்தனர். ஐரோப்பாவிலோ புகை வெகு உயரத்தில் சென்றதால் தரைக்காற்று அதிகம் கெடவில்லை. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியம்.

இருவகைக் கோள்கள்

முதல் வகைக் கோள்கள், நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு இணையாகச் சுற்றுகின்றன. ஆகவே அவை ஒரே பகுதியை ஓயாமல் பார்த்தவண்ணம் இருக்கும். 2023-இல் பணியிலிருந்த கோஸ்-16 என்னும் கோள், அமெரிக்க நாட்டை 5 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்தது. இப்படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் புகை செல்லும் திசையும் வேகமும் புலனாகும்.

இரண்டாம் வகைக் கோள்கள், துருவங்களை ஒட்டித் தாழ்வாகச் சுற்றுகின்றன. 2011-இல் ஏவப்பட்ட சுவோமி என்.பி.பி. இவ்வகையைச் சேர்ந்தது. இது ஓரிடத்தை எப்போதும் பார்ப்பதில்லை. ஆயினும் அதன் கருவி 375 மீட்டர் அளவுள்ள கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, தீ எரியும் இடத்தை நுட்பமாகக் காட்டும்.

புகையை இனங்காணும் முறை

1. எரியும் இடம், வெப்பக் கதிர்களைப் பதிவு செய்யும் படத்தில் தனியே தெரியும். புகை அவ்விடத்திலிருந்து கிளம்புகிறதா எனப் பார்க்க வேண்டும்.

2. மேகம் பெரும்பாலும் வெண்மையாக இருக்கும். புகை சாம்பல் அல்லது பழுப்பு நிறமாக, அடியிலுள்ள நிலம் மங்கலாகத் தெரியும்படி பரவியிருக்கும்.

3. காலை, மாலைச் சாய்வெயிலில் புகை நன்கு தெரியும். மேகத்தின் கீழ் உள்ள புகை படத்தில் மறைந்துவிடும்.

புகையின் உயரம்

மேலிருந்து எடுத்த படத்தில், தரையை ஒட்டிய புகையும் பல கிலோமீட்டர் உயரத்துப் புகையும் ஒன்றுபோலவே தோன்றலாம். 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்சோ என்னும் கோள், லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு புகையின் உயரத்தை அளந்தது. எனினும் அது சென்ற பாதையின் நேர்கீழே மட்டுமே அளக்க முடிந்தது. ஆகையால் கோள் படத்துடன், காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் தரைக் கருவியின் அளவையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

உழவுத் தொழிலுக்குப் பயன்

புகையிலுள்ள 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்தவையுமான நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்பவை. திறந்த வெளியில் நாள் முழுவதும் உழைப்போருக்கே இதனால் தீங்கு அதிகம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், காட்டுத்தீப் புகையால் நுண்துகளுக்கான காற்றுத்தரக் குறியீடு 151-ஐ எட்டினால், வெளியில் வேலை செய்வோருக்கு என்-95 முகக்கவசம் வழங்க வேண்டும் என 2019-இல் விதி வகுக்கப்பட்டது. பயிரும் தப்புவதில்லை. அம்மாநிலத்தில் 2020-இல் காட்டுத்தீப் புகை படிந்த திராட்சையில் சாம்பல் சுவை ஏறும் என்பதால், பல தோட்டங்களில் பழம் பறிக்கப்படாமலே விடப்பட்டது.

நம் நாட்டிலும் பஞ்சாப், அரியானா முதலிய மாநிலங்களில் நெல் தாள் எரிக்கப்படும் இடங்கள் இவ்வகைக் கோள்களைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. புகை வரும் திசையைக் கோள் படம் முன்கூட்டியே சொல்லும். அன்று வயலில் இறங்கலாமா என்பதைத் தரைக் கருவியே சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து வேலையைத் திட்டமிடுவோர் தம் நலத்தையும் தம்மிடம் வேலை செய்வோர் நலத்தையும் காத்துக்கொள்ளலாம்.