பசுவின் வயிற்றில் நடப்பது

சிரஞ்சீவி மருமானுக்கு,

வைக்கோலைத் தின்று பசு பால் தருகிறதே, அவ்வைக்கோல் நமக்கு மட்டும் ஏன் உணவாவதில்லை என்று நீ கேட்டிருந்ததைப் படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன்.

1838-இல் அன்ஸெல்ம் பாயேன் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் தாவரங்களிலிருந்து பிரித்தறிந்த செல்லுலோஸே வைக்கோலின் பிரதானக் கூறு. அதுவும், சோற்றிலுள்ள மாவுச்சத்தும் ஒரே குளுக்கோஸால் ஆனவை; ஆயினும் செல்லுலோஸில் அடுத்தடுத்த குளுக்கோஸ்கள் மாறி மாறித் தலைகீழாய்த் திரும்பி இணைந்திருப்பதால், அச்சங்கிலிகள் வளையாமல் நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டுண்டு, நீரில் கரையாத உறுதியான இழைகளாகிவிடுகின்றன. அந்த இணைப்பை அறுக்கும் நொதி நம் குடலில் சுரப்பதில்லை. பசுவுக்கும் சுரப்பதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அதன் முதல் இரைப்பையில், பிராணவாயு அநேகமாக அற்ற, ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள இருளில், கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஃபைப்ரோபாக்டர், ரூமினோகாக்கஸ் ஆகிய இனங்கள் இழையின் மேலேயே ஒட்டிக்கொண்டு, தம் நொதிகளால் அதைச் சிதைக்கின்றன. ஒரு நொதி சங்கிலியை நடுவே வெட்டிப் புதிய முனைகளை உண்டாக்க, மற்றொன்று அம்முனையைப் பற்றிக்கொண்டு, இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த செல்லோபயோஸைத் துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டே செல்கிறது. செல்லோபயோஸையும் பிளப்பதற்கு வேறு நொதி உண்டு. வெட்டும் நொதி இல்லையேல் கழற்றும் நொதிக்கு முனைகள் போதா. ஆதலால் இரண்டும் கூடிச் செய்யும் வேலை, தனித்தனியே செய்வதன் கூட்டுத்தொகையையும் மிஞ்சுகிறது.

இக்கூட்டுறவு எவ்வளவு நுட்பமானது என்பது 1983-இல் தெளிவாயிற்று. சுமார் 60 டிகிரி வெப்பத்தில் செழிக்கும் க்ளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்ற பாக்டீரியாவை ஆராய்ந்த ராஃபேல் லாமெட், எட்வர்ட் பேயர் முதலியோர், அதன் நொதிகள் ஒன்றாய்த் திரண்டிருக்கும் அமைப்பைக் கண்டு, அதற்குச் செல்லுலோசோம் என்று பெயரிட்டார்கள். ஒரு நீண்ட புரதத்தின்மேல், ஆணிகளில் மாட்டிய கருவிகளைப்போல், ஒன்பது நொதிகள் வரையில் அமர்கின்றன. அந்தப் புரதமே செல்லுலோஸையும் பற்றிக்கொள்வதால், வெட்டுவதும் கழற்றுவதும் அருகருகே நிகழ்கின்றன. இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை உயிர் ரசாயனத்தில் நான் அதிகம் கண்டதில்லை. பசுவின் இரைப்பையில் வாழும் ரூமினோகாக்கஸ் ஃபிளேவஃபேசியன்ஸிலும் இத்தகைய அமைப்பு உண்டு.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த குளுக்கோஸ் பசுவைச் சேர்வதில்லை. பாக்டீரியாக்களே அதை உண்டுவிடுகின்றன. அவை வெளிவிடும் அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை இரைப்பைச் சுவர் உறிஞ்ச, பசு தன் சக்தியில் பெரும்பகுதியை அவற்றிலிருந்தே பெறுகிறது. கல்லீரல் புரோப்பியோனிக் அமிலத்தைக் கொண்டு, பால் சர்க்கரைக்கு வேண்டிய குளுக்கோஸைப் புதிதாய்ச் செய்துகொள்கிறது. பாக்டீரியாக்களும் இரையோடு அடுத்த அறைகளுக்கு இறங்கி, அங்கே ஜீரணமாகி, பசுவுக்குப் புரதமாகின்றன.

அன்புள்ள,
மாமா