பின்சக்கரமும் டிஸ்க் பிரேக்கும்
பழைய சைக்கிளைச் சீர்செய்தல் பற்றி ஒரு பாடம்

சங்கத்திலிருந்து நூல் சிட்டங்களை வீட்டிற்குக் கொண்டு செல்லவும், நெய்த சேலைகளைத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்கவும், விடியற்காலையில் பால் கேன்களையும் காய்கறிக் கூடைகளையும் ஏற்றிச் செல்லவும் நம் அங்கத்தினர்களில் பலருக்கு இன்றும் சைக்கிளே உற்ற துணை. பிள்ளைகளின் பள்ளிப் படிப்புக்கென வாங்கிய டிஸ்க் பிரேக் சைக்கிள், பிள்ளைகள் வளர்ந்தபின் தந்தையின் வேலைக்கு வந்து சேர்வதையும் பல வீடுகளில் காண்கிறோம். நான்கைந்து ஆண்டுகள் உழைத்த இத்தகைய சைக்கிள்களைப் பற்றி எங்கும் கேட்கும் முறையீடு ஒன்றே: பின்சக்கரம் உரசுகிறது, மிதிக்கக் கனக்கிறது.

இதற்குப் பலர் கையாளும் பரிகாரம் பிரேக் கம்பியைத் தளர்த்திவிடுவது. உரசல் நிற்கும், அத்துடன் பிரேக்கும் நின்றுவிடும். நாம் தணிக்கைக்குச் சென்ற ஓர் ஊரில், முதிய நெசவாளர் ஒருவர் அவ்வாறு தளர்த்திய சைக்கிளில் நூற்கட்டுடன் வாய்க்கால் பாலத்துச் சரிவில் இறங்கினார். பிரேக் பிடி கைப்பிடியில் முட்டியும் வண்டி நிற்கவில்லை. காலை ஊன்றி நிறுத்தப் போய்க் கணுக்கால் பிசகிற்று. அவர் தறி இரண்டு வாரம் ஓடவில்லை. அவருடைய சைக்கிளில் இருந்த பழுதோ, ஹப்பின் கோன் தளர்ந்திருந்தது ஒன்றுதான். அரைமணி நேர வேலை. ஆகவே இப்பாடத்தை அங்கத்தினர்கள் கருத்துடன் படிக்க வேண்டுகிறோம்.

1. அடிப்படையை அறிதல்

பழைய சைக்கிள்களில் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கும். ரிம் கோட்டமானால் உரசும். ஸ்போக்ஸ் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுத்தால் உரசல் தீரும். டிஸ்க் பிரேக்கின் இயல்பு வேறு. அதில் பிடிபடுவது ரிம் அன்று. ஹப்பின் இடப்பக்கத்தில் திருகப்பட்ட எஃகுத் தகடு. எனவே ரிம்மை எத்தனை முறை கோட்டம் எடுத்தாலும் தகட்டின் உரசல் தீராது. இவ்வேற்றுமையை அறியாமல் கடையில் வீண் கூலி கொடுப்போர் பலர்.

வண்டிச் சக்கரத்தில் குடம் எதுவோ, சைக்கிள் சக்கரத்தில் ஹப் அதுவே. தறியில் அச்சு சாய்ந்தால் துணி முழுவதும் கோணுவதை நெசவாளர்கள் அறிவர். இங்கும் அச்சு நேராக நிற்க வேண்டும். அதன்மேல் ஹப் ஆட்டமின்றிச் சுழல வேண்டும். அதன் பிறகே தகடும், தகட்டைப் பிடிக்கும் காலிப்பரும். இவ்வரிசையை மாற்றிக் காலிப்பரை முதலில் திருகுவது, அடித்தளம் சரியாமல் நிற்கிறதா என்று பாராமல் கூரையை வேய்வதற்கு ஒப்பாகும்.

2. உரசலைக் கொண்டு பழுதை அறிதல்

பின்சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்க.

(அ) ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் உரசினால், தகடு வளைந்துள்ளது. அல்லது அதன் திருகுகள் தளர்ந்துள்ளன.
(ஆ) சுற்று முழுவதும் இடைவிடாது உரசினால், காலிப்பர் விலகியுள்ளது. அல்லது சக்கரம் தன் இடத்தில் சரியாக அமரவில்லை.
(இ) தூக்கிச் சுழற்றும்போது உரசாமல், பாரம் ஏற்றும்போதோ திரும்பும்போதோ மட்டும் உரசினால், ஹப்பில் ஆட்டம் உண்டு எனச் சந்தேகிக்க வேண்டும்.

3. ஹப்பைச் சோதித்தல்

ரிம்மைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பார்க்க. 'டொக்' என்ற ஆட்டம் கைக்குத் தெரிந்தால் கோன் தளர்ந்துள்ளது. அல்லது அச்சு வளைந்தோ முறிந்தோ உள்ளது. ஃப்ரீ வீலை ஹப்பின்மீது திருகும் பழைய அமைப்பில், வலப்பக்கத்துப் பால்ஸ் சட்டத்திலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி இருக்கும். அப்பக்கத்தில் அச்சின் நீண்ட பகுதி தாங்கலின்றி நிற்பதால், பின்கேரியரில் பெரும் பாரம் ஏற்றுவோருக்கு அச்சு வளைவது இயல்பே. அச்சைக் கழற்றி ஒரு கண்ணாடியின்மீது உருட்டினால் வளைவு புலப்படும். வளைந்த அச்சைத் தட்டி நிமிர்த்துதல் கூடாது, மாற்றிவிடுதலே முறை.

ஹப்பைப் பிரிக்கும்போது ஒவ்வொரு நட்டையும் வாஷரையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியின்மேல் பரப்பி வைக்க. இது மிக முக்கியம். இடப்பக்க வாஷர் தவறி வலப்பக்கம் போனால், ஹப் முழுவதும் அந்த வாஷரின் கனம் அளவுக்கு நகரும். தகடும் உடன் நகர்ந்து காலிப்பரில் உரசும். ஓவராயில் செய்து வந்த மறுநாளே உரசத் தொடங்கும் சைக்கிள்களில் இது அடிக்கடி காணும் காரணம்.

பின்ஹப்பில் பெரும்பாலும் பக்கத்திற்கு ஒன்பதாகக் கால் அங்குலப் பால்ஸ் இருக்கும். கோனில் குழி விழுந்திருந்தால் கோனையும் பால்ஸையும் சேர்த்தே மாற்றி, புதுக் கிரீஸ் இட்டுப் பூட்டுக. நட்டு வைத்த அச்சாயின், ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் கோனை நிறுத்த வேண்டும். நெம்பித் திறக்கும் விரைவுப் பூட்டு உள்ள அச்சாயின், கழற்றிய நிலையில் இம்மி அளவு ஆட்டம் விடுவது அவசியம். பூட்டை இறுக்கும்போது அச்சு அமுங்கி அந்த ஆட்டம் மறையும்.

4. சட்டத்தைச் சோதித்தல்

டிஸ்க் பிரேக் உள்ள பழைய மலைவழிச் சைக்கிள்களில் பின்சட்டத்தின் உள் இடைவெளி பெரும்பாலும் 135 மில்லி மீட்டர். ஹப்பின் இரு பூட்டு நட்டுகளின் வெளிமுகங்களுக்கு இடையிலும் அதே அளவு வேண்டும். 130 மில்லி மீட்டர் ஹப்பை அதில் பொருத்தி நட்டை இறுக்கினால் சட்டம் உள்வாங்கும். அச்சு நேராக நில்லாது. சக்கரம் மாற்றி வாங்குவோர் அளவுகோல் வைத்துப் பார்த்தே வாங்குக.

சட்டம் நேராக உள்ளதா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நம் வீட்டு நூலே போதும். பின்சக்கரத்தைக் கழற்றுக. நூலின் ஒரு முனையை இடப்பக்கத்து அச்சுப் பிளவில் கட்டி, முன்னே ஹாண்டில்பாரைத் தாங்கும் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு முனையை வலப்பக்கத்துப் பிளவில் அதே இடத்தில் இழுத்துக் கட்டுக. இப்போது ஸீட்டைத் தாங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளக்க. இரண்டும் சமமாயின் பின்சட்டம் நடுவில் நிற்கிறது. ஓரிரு மில்லி மீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்துள்ளது. எஃகுச் சட்டமாயின் அனுபவமுள்ள தொழிலாளி அதை நிமிர்த்தலாம். அலுமினியச் சட்டத்தை வளைக்க முயல்வது ஆபத்து. அது எச்சரிக்கையின்றி முறியக்கூடும்.

5. சக்கரத்தை அமர்த்துதல்

சைக்கிளைத் தலைகீழாக வைக்காமல், தரையில் நேராக நிறுத்தி, பாரம் அச்சின்மேல் விழுமாறு அழுத்திப் பிடித்து, இருபுறமும் அச்சு பிளவின் அடிவரை அமர்ந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே நட்டை இறுக்குக. சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் உரசும் இடம் மாறினால், அமர்வில்தான் பிழை என்று கொள்க.

6. தகடும் காலிப்பரும்

தகட்டை ஆறு திருகுகள் பிடித்திருப்பது வழக்கம். நட்சத்திர வடிவச் சாவியால், வட்டமாகச் செல்லாமல், ஒன்றுக்கு எதிர்ப்பக்கத்தது என மாறி மாறி இறுக்குக. வளைந்த தகட்டை, ஸ்பானரின் வாயில் தூய துணி சுற்றிப் பிடித்து, சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். புதுத் தகடு ஏறக்குறைய 1.8 மில்லி மீட்டர் கனம் இருக்கும், 1.5க்குத் தேய்ந்ததை மாற்றுக. தகட்டில் எண்ணெய்க் கை படவே கூடாது. எண்ணெய் ஊறிய பிரேக் பேடை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, மாற்ற வேண்டும். பேடில் உராய்வுப் பொருள் அரை மில்லி மீட்டருக்குக் குறைந்தாலும் மாற்ற வேண்டும். தகடு சுழலும்போது விரலை அருகே கொண்டு செல்லாதீர்கள். நீண்ட சரிவில் பிரேக் பிடித்து இறங்கியவுடன் தொடவும் கூடாது, சுடும்.

கம்பியால் இயங்கும் காலிப்பரில் பெரும்பாலும் ஒரு பேட் மட்டுமே நகரும்; மற்றது நிலையாக நிற்கும். ஆகவே முதலில் காலிப்பரின் இரு திருகுகளையும் தளர்த்தி, பிரேக் பிடியை அழுத்திப் பிடித்தபடியே அவற்றை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. பின்னர், நிலையான பேடை அதன் திருகால் தகட்டை ஒட்டி, ஆனால் தொடாதபடி நிறுத்துக. கடைசியாகவே கம்பியின் இழுப்பைச் சரிசெய்க. காலிப்பருக்குப் பின்னே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் இருபுற இடைவெளியும் தெளிவாகத் தெரியும்.

வேலை முடிந்ததும் பாரமின்றி, ஆளில்லாத சமவெளியில் ஓட்டி, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பத்திருபது முறை பிரேக் பிடித்துப் பழக்குக. அதன் பின்னரே பாரம் ஏற்றுக.

7. ஓர் எச்சரிக்கை

டிஸ்க் இல்லாத பழைய சைக்கிளில் தாங்கி ஒன்றைப் பற்றவைத்து டிஸ்க் பூட்டித் தருவதாகச் சிலர் கூறுவதுண்டு. பிரேக்கின் விசை முழுவதும் அந்த இடத்தில் விழும். அதற்கென அமைக்கப்படாத மெல்லிய குழாய் அதைத் தாங்காது. அத்தகைய சைக்கிளுக்கு நல்ல பிரேக் கட்டையும் நேரான ரிம்மும் போதும்.

8. சங்கம் செய்யக்கூடியது

மெல்லிய கோன் ஸ்பானர், நட்சத்திரச் சாவி, ஆலன் சாவிகள், எஃகு அளவுகோல், ஒரு டப்பா கிரீஸ் — இவற்றை ஒவ்வொருவரும் வாங்குதல் வீண். நிர்வாகக் குழு தீர்மானித்து, துணை விதிகள் இடந்தருமாயின் பொது நல நிதியிலிருந்து ஒரு தொகுதி வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, கையொப்பம் பெற்று அங்கத்தினர்களுக்கு வழங்கலாம். ஒருவர் கற்றதை மற்றவருக்குக் காட்டினால், புதுச் சைக்கிளுக்கென வாங்க இருந்த கடன் ஒன்றிரண்டாவது தேவையற்றுப் போகும். கடனைத் தவிர்ப்பதும் சேமிப்பே.

பயிற்சி வினாக்கள்

1. ரிம்மைக் கோட்டம் எடுப்பதால் டிஸ்க் உரசல் தீராதது ஏன்?
2. ஹப்பின் வாஷர்களை வரிசை மாறாமல் வைக்க வேண்டிய காரணம் யாது?
3. நூலைக் கொண்டு சட்டத்தைச் சோதிக்கும் முறையை உங்கள் சைக்கிளில் செய்து, இருபுற அளவுகளையும் குறிக்க.
4. பிரேக் கம்பியைத் தளர்த்தி உரசலை நிறுத்துவதால் விளையும் கேட்டினை உங்கள் சங்கத்தின் கூட்டத்தில் எடுத்துரைக்க.